மரங்கொத்தி யாரைத் தேடுகிறது?

அந்தக் காலத்தில், மிருகங்களும் பறவைகளும் மனிதரைப் போலவே பேசிக்கொண்டும் பொறாமைப்பட்டுக்கொண்டும் இருந்தபோது, அமெரிக்காவின் மலைக்காடு ஒன்றில் மூன்று பேர் சேர்ந்து ஓர் இசைக்குழு தொடங்கினார்கள். மரங்கொத்தி தாளம். தண்டவாளம் போட்டவர்களின் சுத்தியலடியைக் கேட்டுக் கற்ற தாளம் அது. தவளை பாட்டு. ஆற்றுப் படகின் ஊதல்தான் அதற்குக் குரு. மூன்றாவது ஆள் சுவர்க்கோழி. பெயரில்தான் கோழி, ஆள் விரல்நுனி அளவுப் பூச்சி. கடல் கடந்து பிழைக்க வந்தவர்கள், பருத்திக்காட்டில் அடிமையாய் வெந்தவர்கள் என்று எல்லோர் வீட்டுச் சுவரிடுக்கிலும் குடியிருந்து, அவர்கள் பாட்டையெல்லாம் கேட்டுச் சிறகை உரசி வாசிக்கும்.

மண்ணின் பாட்டும் இடிச்சத்தமும் கலந்த அந்த இசைக்கு ராக் என்று அப்போது யாரும் பெயர் வைக்கவில்லை. ஒத்திகையைக் கேட்டே காடு மயங்கிவிட்டது. முதல் கச்சேரிக்கு நாள் குறித்தார்கள்.

அன்று சாயங்காலம் தவளைக்குத் தலைக்கனம் ஏறியது.

"தம்பி, உன் சத்தம் ரொம்ப மெலிசு. எங்க நடுவுல எடுபடாது. ஆளுங்க வர்ற காலடி கேட்டதும் நிறுத்திடு. மத்ததை நாங்க பாத்துக்கறோம்."

"அப்ப நான் யாருக்கு வாசிக்கறது?" சுவர்க்கோழி மரங்கொத்தியைப் பார்த்தது. "அண்ணே, நீயாச்சும் சொல்லேன்."

அது அநியாயம் என்று மரங்கொத்திக்குத் தெரியும். ஆனால் குழு உடைந்துவிடுமோ என்று பயந்து அலகைத் திறக்கவில்லை. பாழாய்ப்போன பயம். மௌனம் சம்மதமாகிவிட்டது.

காலடி கேட்டது. சுவர்க்கோழி நிறுத்தியது. தவளை தொண்டை கிழியக் கத்தியது, மரங்கொத்தி அடி அடியென்று அடித்தது. சற்று நேரம் பொறுத்துப் பார்த்த கிழக்கரடி எழுந்தது.

"சத்தம் இருக்கு. ஒத்திகையில ஒரு பாட்டுக் கேட்டு அழுதேனேப்பா, அது எங்க?"

கரடி நடையைக் கட்டியது, கூட்டமும் அதன் பின்னால் கலைந்தது.

மரங்கொத்தி திரும்பியபோது சுவர்க்கோழியின் இடம் காலி. ஏதோ ஒரு மரப்பட்டைக்குள் போய் ஒளிந்துகொண்டது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்! "தப்பு என்னுதுதான், வெளிய வாடா" என்று மரங்கொத்தி ஒவ்வொரு மரமாகத் தட்டித் தேடியது.

பூச்சி தின்னத்தான் தட்டுகிறது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அன்று முதல்தான் மரங்கொத்தி மரம் மரமாகத் தட்டி மன்னிப்புக் கேட்கிறது. அந்தத் தட்டலும் சுவர்க்கோழிக்குக் காலடியாகத்தான் கேட்கிறது, பாவம், வாசித்துக்கொண்டிருந்ததை உடனே நிறுத்திவிடுகிறது.