வெள்ளரிக்காயின் பங்கு

காய்கறிகளுக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில் வெள்ளரிக்காய் ஒரு மகா கஞ்சன். குடித்த தண்ணீரில் ஒரு சொட்டை வெளியே விடாது. அதை அரிவது கல்லை அரிவது போலத்தான், அரிவாள்மனையில் ஈரம்கூடப் படியாது.

செம்பாயிக்கு மட்டும் அதன் மேல் கொள்ளைப் பிரியம். அவள் புருஷன் உடையப்பன் கழுதைகளை ஓட்டிக்கொண்டு கடற்கரைக்கு உப்பு எடுக்கப் போய்விடுவான். தனியாக இருப்பவளுக்குப் பேச்சுத்துணை கொல்லையில் படர்ந்திருந்த வெள்ளரிக்கொடிதான். கிணறு வற்றிய கோடையிலும், முகம் கழுவாமல் இருப்பாளே தவிர, கொடிக்கு ஊற்றத் தவறமாட்டாள்.

ஒரு நாள் காலையில் குடத்தில் இருந்த கடைசித் தண்ணீரையும் கொடிக்கு ஊற்றிவிட்டாள். அன்றைக்குப் பார்த்து உச்சி வெயிலில் உடையப்பன் திரும்பி வந்தான். வந்தவன் வாசலிலேயே விழுந்தான். உதடு வெடித்திருந்தது.

"தண்ணி, புள்ள..."

குடத்தைக் கவிழ்த்தாள். ஒன்றுமில்லை. ஊற்றுக்குப் போய் வந்தால் பொழுது சாய்ந்துவிடும், அதுவரை அவன் தாங்கமாட்டான். வீட்டில் இருந்தது ஒரு சட்டி எருமைத் தயிர்தான். கோடைத் தயிர், கேட்க வேண்டுமா? சட்டியைக் கவிழ்த்தாலும் அசையாது. ஒரு கரண்டி ஊட்டினாள். தொண்டையில் அடைத்து, இருமித் துப்பிவிட்டான்.

"நான் என்ன பண்ணட்டும், தாயி? இளகிக் குடுக்க எனக்கும் தண்ணி வேணுமே," என்றது தயிர்.

செம்பாயி கொல்லைக்கு ஓடிக் கொடியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "கடைசித் தண்ணிய உனக்கு ஊத்திட்டேனே! இப்ப அவரு போயிருவாரே!"

வெள்ளரிக்காய்க்குத் தூக்கிவாரிப்போட்டது. "அந்தத் தண்ணி எங்கேயும் போகல, ஆத்தா. என் வயித்துலதான் இருக்கு. என்னைப் பறிச்சு அரி."

பொடிப்பொடியாக அரிந்தாள். ஆனால் பிறவிக் கஞ்சனுக்குக் கொடுக்கத் தெரியுமா? முக்கி முக்கிப் பார்த்தும் ஒரு சொட்டு வரவில்லை.

அப்போது வாசலில் கிடந்த மூட்டைக்குள்ளிருந்து உப்பு பேசியது. "நான் கடல்ல பொறந்தவன். நான் கூப்பிட்டா தண்ணி வரும். ஆனா ஒண்ணு, தம்பி. ஒரு தரம் வழி தெறந்தா அப்புறம் அடைக்க முடியாது. இனிமே உன் குலத்துல எவனை நான் தொட்டாலும் தண்ணி நிக்காது. துவண்டுதான் போவீங்க."

"போனாப் போறோம். கூப்பிடுண்ணே," என்றது வெள்ளரிக்காய்.

என்ன மனசு அது! ஆயுசு முழுக்கக் கஞ்சன் என்று பேர் வாங்கியது, ஒரு நொடியில் குலத்தின் சொத்தையே தூக்கிக் கொடுத்துவிட்டது.

செம்பாயி உப்பைத் தூவினாள். துண்டுகளுக்கு வியர்த்தது, அடியில் தண்ணீர் கட்டியது. அதைத் தயிரில் கொஞ்சம் விட்டு அடித்தாள். கரண்டியைத் தூக்கிப் பார்த்தாள், கட்டியாக விழுந்தது. இன்னும் கொஞ்சம் விட்டாள், வழவழவென்று இறங்கியது. புருஷன் வாயில் ஊற்றினாள். தொண்டை அசைந்தது. இன்னொரு கரண்டி. அவன் கண்ணைத் திறந்தான்.

"என்ன புள்ள இது, இவ்வளவு ருசியா இருக்கு?"

"நம்ம கொல்லையில இருக்கானே கஞ்சப்பய, அவன் குடுத்தது," என்று சொல்லி, அழுதுகொண்டே சிரித்தாள்.

அன்று முதல்தான் உப்புப் பட்டதும் வெள்ளரிக்காய் தண்ணீர் விடுகிறது. பச்சடிக்குத் தயிர் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. கெட்டியாகவே கலந்து, கடைசியில் உப்பைப் போட்டு, வெள்ளரிக்காய் தன் பங்கைக் கொடுக்க இடம் விட்டு வைக்கிறார்கள்.