கிளி சொன்னால்தான் சேதி

வஞ்சி, ஒரு புதிர் போடுகிறேன். ஒருத்தி வாயை யாரும் பொத்தவில்லை. அவளும் கத்திக் கத்திப் பேசினாள். ஆனாலும் ஊருக்குக் கேட்கவில்லை. ஏன்?

தெரியலையா? கேளு.

ஏரிக்குக் கீழே ஒரு ஊராம். ஊர் நடுவில் ராசா ஒரு கிளியை வைத்தாராம். யாரும் எதையும் காலையில் கிளியிடம் சொல்லலாம், சாயங்காலம் அது ஊருக்குச் சொல்லும். கிளிக்காரன் மாடப்பன் பக்கத்திலேயே பொரி விற்றான். கிளி பேசிக் கூட்டம் சேர்ந்து பொரி விற்றால், அதுக்கு அவன் ஒரு துண்டு கொய்யாப்பழம் கொடுப்பான்.

வாத்து மேய்க்கிற பொன்னுருவி ஒருநாள் ஓடிவந்து, "ஏரிக்கரையில நண்டு வளை வழியா தண்ணி கசியுது!" என்று கிளியிடம் சொன்னாள். சாயங்காலம் கிளி, "மேலத்தெரு மருமக மாமியாரை முறைச்சா!" என்றது. சிரிப்பு. கொய்யாப்பழம்.

மறுநாளும் சொன்னாள். கிளி, "கீழத்தெருக்காரன் மேலத்தெருக்காரனைக் கழுதைன்னான்!" என்றது. சண்டை. கொய்யாப்பழம்.

வீடு வீடாய்ப் போனாள். "கிளி சொல்லலையே" என்றார்கள். ராசாவிடம் போனாள்.

"நான் இவ வாயைப் பொத்தினேனா ராசா?" என்றான் மாடப்பன்.

"பொத்தலையே. போம்மா" என்றார் ராசா.

மூணாம் நாள் கசிவு கை தடிமன் ஆகிவிட்டது. பொன்னுருவி யோசித்து, அப்புறம் கிளியிடம், "ராணியம்மா கொலுசை மாடப்பன் திருடி ஏரிக்கரை நண்டு வளைக்குள்ள ஒளிச்சிருக்கான்!" என்றாள். கிளி இறக்கையை உதறிக்கொண்டு உடனே பத்து தடவை கூவியது. ஊரே ஓடியது, ராசாவும் ஓடினார். வளைக்குள் கையை விட்டால் தண்ணி பீறிட்டது! மண்ணும் வைக்கோலும் திணித்துக் கரையைக் காப்பாற்றினார்கள்.

"ஏன் பொய் சொன்னே?" என்றார் ராசா.

"ரெண்டு நாள் உண்மை சொன்னேன் ராசா. கிளிக்கு ருசிக்கலை."

ராசா தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம் மாடப்பனிடம், "உன் வாயையும் நான் பொத்தலை. சோறு, தண்ணி எது வேணும்னாலும் கிளிகிட்ட சொல்லு. அது ஊருக்குச் சொன்னாத்தான் கிடைக்கும்" என்றார்.

"பசிக்குது" என்றான் மாடப்பன். காலையில் சொன்னான், மத்தியானம் சொன்னான், சாயங்காலமும் சொன்னான். கிளி, "கழுதை! கழுதை!" என்றது.

மாடப்பன் பட்டினி கிடந்தான், ஊர் நனையாமல் பிழைத்தது. இப்போ சொல்லு வஞ்சி, நீ ராசாவாய் இருந்தால் கிளியைப் பறக்க விடுவாயா, வைத்துக்கொள்வாயா?

கிளி இருக்கட்டும், கொய்யாப்பழத்தை நிறுத்திவிடலாம் என்றாள் வஞ்சி.