வெள்ளெலி வீடும் ஓணான் தரகரும்

சர்ர்ர்... சர்ர்ர்...

ஒரு காட்டில், வெயில் ஏறிய பகலில், தரைக்கு மேலே இந்தச் சத்தம் கேட்டது. தரைக்குக் கீழே, வளைக்குள், ஒரு வெள்ளெலிக் குடும்பம் மூச்சை அடக்கிக்கொண்டு அதைக் கேட்டது.

சருகு நசுங்கியது. ஆனால் காலடி கேட்கவில்லை. நடக்கிற எதற்கும் காலடி உண்டு, குழந்தைகளே. மானுக்கு உண்டு, முயலுக்கு உண்டு. காதை வைத்துக் கேட்டால் எறும்புக்கும் உண்டு. இந்தச் சத்தத்துக்கு மட்டும் இல்லை.

தாய் எலியின் பெயர் குறுணி. பயந்த சுபாவம். தந்தை எலியின் பெயர் தவிடன். யார் என்ன சொன்னாலும் நம்புகிற சுபாவம். அவர்களுக்குக் கண் திறந்து சில நாளே ஆன ஐந்து குட்டிகள்.

"மூன்று நாளாக இதே நேரத்துக்குக் கேட்கிறது," என்றது குறுணி. "நம் வீட்டுக்கு மேலே வந்ததும் நிற்கிறது. நின்று, திரும்பிப் போகிறது."

"காற்றாக இருக்கும்," என்றது தவிடன். சொல்லிவிட்டு, மெல்ல பின்வாசல் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டது.

வெள்ளெலி வளைக்கு இரண்டு வாசல் உண்டு. முன்வாசலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பின்வாசல் வெளியே தெரியாது. விரல் கனத்துக்கு மண் பூசி மூடியிருக்கும். ஆபத்து வந்தால் தலையால் ஒரு முட்டு. மண் உடையும், ஓடிவிடலாம். அது எங்கே இருக்கிறது என்று வெள்ளெலிகள் யாரிடமும் சொல்வதில்லை. கூடப் பிறந்தவர்களிடம்கூட.

"இந்த வீடு வேண்டாங்க," என்றது குறுணி. "ஓடைக்கு அக்கரையில் கல்மேடு இருக்கிறதே, அங்கே போய்விடலாம்."

"போகலாம். ஆனால் புது வளை தோண்ட எத்தனை நாள் ஆகுமோ. அதுவரை இந்தப் பிஞ்சுகளை வெட்டவெளியில் வைக்க முடியுமா? இந்த வீட்டைக் கொடுத்துவிட்டு, அங்கே தோண்டித் தயாராக இருக்கிற வளை ஒன்றை வாங்கிக்கொள்வோம். அதற்குத்தான் தரகர் இருக்கிறாரே."

அந்தக் காட்டில் புற்று, பொந்து, கூடு, வளை எதுவானாலும் விற்றுக் கொடுக்கிற தரகர் ஓணான். பாறைமேல் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் தலையாட்டிக்கொண்டிருப்பார். தவிடன் போய்ச் சொன்னதும் நான்கு முறை தலையாட்டினார்.

"தலையாட்டிவிட்டார். பாதி முடிந்த மாதிரிதான்," என்று சொல்லிக்கொண்டே தவிடன் வீட்டுக்குத் திரும்பியது.

அன்றைக்கே ஓணான் வந்தார். வளைக்குள் நுழையவில்லை. வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்.

"அருமையான வீடு, மாப்பிள்ளை. ஓடை பார்த்த முகப்பு. காலை வெயில் நேராக விழுகிறது. கரையான் தொந்தரவு கிடையாது. இதற்கு நான் நாலு பேரிடம் போய்ச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. கையிலேயே ஒரு பார்ட்டி இருக்கிறது."

"பார்ட்டி என்றால் யார்?" என்று கேட்டது குறுணி.

"பார்ட்டி என்றால் பார்ட்டிதான், தங்கச்சி. பெயரை முதலிலேயே சொன்னால் நீங்கள் நேரே போய்ப் பேசி முடித்துக்கொள்வீர்கள். அப்புறம் தரகன் பாறையிலேயே காய வேண்டியதுதான்."

தவிடன் சிரித்தது. குறுணி சிரிக்கவில்லை.

"உங்கள் கமிஷன்?" என்று கேட்டது குறுணி.

"உங்களிடம் ஒரு தானிய மணிகூட வாங்க மாட்டேன். எல்லாம் பார்ட்டி பார்த்துக்கொள்ளும்."

"இப்படி ஒரு தரகர் யாருக்குக் கிடைப்பார்?" என்றது தவிடன். குறுணிக்கு முதுகு மயிர் சிலிர்த்தது. ஏன் என்று அதற்கே தெரியவில்லை.

"கல்மேட்டில் எங்களுக்கு வளை தயாராக இருக்கிறதா?" என்று தவிடன் கேட்டது.

ஓணான் தலையாட்டினார்.

"குட்டிகளோடு உடனே குடி போகலாமா?"

அதற்கும் தலையாட்டினார். பிறகு கேட்டார்: "பார்ட்டி சில விவரம் கேட்டுவரச் சொன்னார். வீட்டில் மொத்தம் எத்தனை பேர்?"

"ஏழு பேர்," என்றது தவிடன்.

"பகலில் எல்லாரும் வீட்டில்தான் இருப்பீர்களா?"

"பகல் முழுக்கத் தூக்கம்தானே."

"நல்லது, நல்லது. வழி எவ்வளவு அகலம்? அவர் கொஞ்சம் நீளமான ஆள்."

"நானும் இவளும் ஒட்டி உரசிப் போகலாம்."

"எத்தனை வாசல்?"

குறுணி தவிடனின் வாலை மிதித்தது. தவிடன் வாலை இழுத்துக்கொண்டது. "சும்மா இரு. வாங்குகிறவரிடம் மறைத்து விற்பது தப்பு," என்று குறுணியிடம் முணுமுணுத்துவிட்டு, ஓணானைப் பார்த்துச் சொன்னது: "இரண்டு வாசல். இன்னொன்று அந்தக் கள்ளிச் செடிக்குப் பின்னால். மேலே மண் பூச்சு."

ஓணான் கள்ளிச் செடியைப் பார்த்தார். இந்த முறை தலை ஆடவில்லை. வெகுநேரம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் சூரியன் வந்ததும் அவரும் வந்தார்.

"வேலை முடிந்தது, மாப்பிள்ளை. பார்ட்டிக்குப் பார்க்காமலே பிடித்துவிட்டது. இன்றைக்கு உச்சி வேளைக்கு நேரில் வருகிறார். ஒரே ஒரு குறைதான் சொல்கிறார்."

"என்ன குறை?"

"உங்கள் பின்வாசல் தென்மேற்கு மூலையில் இருக்கிறது. வாஸ்துப்படி அது ஆகாது. அவர் வருவதற்குள் அங்கே ஒரு கல்லை வைத்து அடைத்துவிடுங்கள். உள்பக்கமாக. நன்றாக இறுக்கி."

"அவ்வளவுதானே?" என்றது தவிடன்.

"இன்னொன்று. அவர் வரும்போது குட்டிகள் உட்பட எல்லாரும் உள்ளே இருக்க வேண்டும். குடும்பம் நிறைந்த வீட்டைப் பார்த்தால்தான் அவருக்குத் திருப்தி."

வளைக்குள்ளே ஒரு உருண்டைக் கல் கிடந்தது. தவிடன் அதைத் தோளால் முட்டி முட்டிப் பின்வாசலுக்குள் தள்ளியது. கல் சரிந்து, இரண்டு பக்கச் சுவரையும் கடித்துக்கொண்டு உட்கார்ந்தது.

குறுணி முன்வாசலுக்கு வந்தது.

"தரகரே, தானிய அறையைப் பற்றி அவர் ஒன்றுமே கேட்கவில்லையே?"

"அது அவருக்குத் தேவைப்படாது."

"உள்ளே இறங்குகிற இடம் செங்குத்து. காலை ஊன்ற மேடு வெட்டி வைக்கட்டுமா?"

"வேண்டாம், வேண்டாம். அவருக்கு அந்தப் பிரச்சினையே இல்லை."

தவிடனும் வந்து குறுணிக்குப் பின்னால் நின்றது.

"அவர் எங்கள் இனமா?" என்று கேட்டது குறுணி.

ஓணான் தலையாட்டினார்.

"பறவை இனமா?"

தலையாட்டினார்.

"தண்ணீரில் வாழ்கிற மீன் இனமா?"

அதே வேகத்தில், அதே மாதிரி, தலையாட்டினார்.

தவிடனின் மீசை ஆடாமல் நின்றது.

"உச்சி வேளைக்கு வருகிறோம்," என்று சொல்லிவிட்டு ஓணான் சருகுக்குள் இறங்கிப் போனார்.

உள்ளே வந்ததும் தவிடன் சொன்னது: "குறுணி, நீளமான ஆள். கால் கிடையாது. தானியம் வேண்டாம். ஏழு பேரும் உள்ளே இருக்க வேண்டும்."

"பெயரைச் சொல்லாதீர்கள். குட்டிகள் முழித்திருக்கின்றன."

இரண்டும் கல்லிடம் ஓடின. பல்லால் கடித்தன, நகத்தால் பிறாண்டின. கல் அசையவில்லை. ஓணான் சொன்னபடியே தவிடன் அதை நன்றாக இறுக்கியிருந்தது.

"முன்வாசல் வழியாக ஓடிவிடலாமா?"

குறுணி மூக்கை மட்டும் வெளியே நீட்டிப் பார்த்தது. எதிர்ப் பாறைமேல் ஓணான் உட்கார்ந்திருந்தார், முகத்தை வாசலுக்கு நேராகத் திருப்பி வைத்துக்கொண்டு. பாறைக்குப் பின்னால் புல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. காற்று அடிக்கவில்லை.

"முடியாது," என்றது குறுணி. "தானிய அறையிலிருந்து மேலே தோண்டுவோம்."

மழை கண்டு எத்தனையோ நாளான மண் அது. தவிடன் தோண்டியது. நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. நிற்கவில்லை. குறுணி மண்ணை வாங்கி அறை வாசலில் குவித்தது. குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு, ஏன் இன்று யாரும் தூங்கச் சொல்லவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தன.

ஒரு புல்வேர் தெரிந்தது. வேரைச் சுற்றி ஊசி முனை அளவுக்கு வெளிச்சம்.

அப்போது கேட்டது.

சர்ர்ர்... சர்ர்ர்...

சத்தம் இன்று தலைக்கு மேலே நிற்கவில்லை. சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தது.

"மாப்பிள்ளை, தங்கச்சி, பார்ட்டி வந்திருக்கிறார்," என்று ஓணானின் குரல் கூப்பிட்டது.

"குட்டிகளை ஏற்றுங்கள். நான் பேசுகிறேன்," என்று கிசுகிசுத்துவிட்டுக் குறுணி முன்வழிக்குப் போனது. வாசலில் வெளிச்சம் இல்லை. எதுவோ அதை அடைத்துக்கொண்டிருந்தது. குளிர்ந்த, ஈரமான வாசனை உள்ளே வந்தது.

"வாங்க, வாங்க," என்றது குறுணி. "எல்லாரும் உள்ளே உட்கார்ந்திருக்கிறோம். ஆனால் தரகரே, தரகர் முன்னால் வந்து, பார்ட்டி பின்னால் வருவதுதான் முறை. எங்கள் பக்கத்தில் முன்பின் தெரியாதவர் முதலில் நுழைந்தால் குட்டிகள் பயந்து கத்தும். கத்தினால் அக்கம்பக்கத்து வளைகள் எல்லாம் முழித்துக்கொள்ளும்."

"நான் எதற்கு? நீங்களே போய்ப் பார்க்கலாமே," என்று ஓணான் இழுத்தார்.

"முன்னால் போ," என்றது ஒரு குரல். சத்தமில்லாத குரல். "முறை என்றால் முறைதான்."

ஓணான் இறங்கினார். அவருக்குப் பின்னால், வாசல் முழுக்க நிறைந்து, சாரைப்பாம்பு இறங்கியது.

குறுணி தானிய அறைக்குத் தாவியது. தவிடன் வேரோரம் மண்ணை உடைத்து வழி திறந்து, நான்கு குட்டிகளை மேலே ஏற்றிவிட்டிருந்தது. ஐந்தாவது பாதி வழியில் வேரைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. குறுணி குவித்த மண்ணை அறை வாசலில் தள்ளி, நெற்றியால் முட்டி, வயிற்றால் அமுக்கி அடைத்தது. அடைப்புக்கு அந்தப் பக்கம் செதில் உரசிக்கொண்டு போனது. தலை போனது, உடல் போனது, போய்க்கொண்டே இருந்தது. அது முடியும்வரை குறுணி நிற்கவில்லை. குட்டியைக் கழுத்தில் கவ்விக்கொண்டு வெளிச்சத்தை நோக்கி ஏறியது.

கீழே, வழி ஒரு கல்லில் போய் முடிந்தது. ஓணான் நின்றார். திரும்ப இடமில்லை.

"எங்கே?" என்று கேட்டது சாரை.

ஓணான் தலையாட்டினார்.

"இங்கேயா?"

தலையாட்டினார்.

"இங்கே இல்லையா?"

தலை தானாக ஆடியது. நிறுத்த நினைத்தாலும் நிற்கவில்லை.

"எத்தனை பேர் என்று சொன்னாய்?"

"ஏழு... ஏழு பேர்."

"எனக்கு ஒன்றுதான் தெரிகிறது," என்றது சாரை.

"ஐயா, என்னைத் தொட மாட்டேன் என்று சொன்னீர்களே. அதுதானே என் கமிஷன்?"

"வீடு முடிந்தால்தானே கமிஷன்?" என்றது சாரை.

அதற்குப் பிறகு அந்த வளைக்குள் யாரும் தலையாட்டவில்லை.

வெள்ளெலிகள் ஓடையைத் தாண்டி, கல்மேட்டில் ஒரு முள்புதருக்கு அடியில் போய்த்தான் நின்றன. அங்கே தோண்டி வைத்த வளை எதுவும் இல்லை. எப்போதும் இருந்ததில்லை.

தவிடன் தன் முன்கால்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. "வழியை எல்லாம் நான்தான் சொன்னேன்," என்றது.

"ஆமாம்," என்றது குறுணி.

"கல்லையும் நான்தான் வைத்தேன்."

"ஆமாம். மேல் வழியையும் நீங்கள்தான் தோண்டினீர்கள். இப்போது இங்கே தோண்டுங்கள். வெயில் சாய்வதற்குள் இந்த ஐந்தும் ஒண்டிக்கொள்கிற அளவுக்காவது."

தவிடன் எழுந்து மண்ணை முகர்ந்து ஓர் இடம் பார்த்தது. குறுணி கடைசிக் குட்டியை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, அதன் மயிரில் ஒட்டியிருந்த நாயுருவி முட்களைப் பல்லால் ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கியது.

நீதி: வாங்குகிறவர் யார் என்று சொல்லாத தரகரிடம் வீட்டின் வழிகளைச் சொல்லாதீர்கள்.