நாறாமல் ஆடிய நால்வர்

தலையாட்டிப்புதூர் ஆண்களைப் போலச் சொன்ன பேச்சைக் கேட்கிறவர்களை நீங்கள் எங்கேயும் பார்த்திருக்க மாட்டீர்கள். என்ன சொன்னாலும் தலையை ஆட்டுவார்கள். ஆட்டிவிட்டு, சொன்னதை அப்படியே செய்வார்கள். அந்த ஊருக்கு வந்த கஷ்டமெல்லாம் இந்த ஒரு நல்ல குணத்தால் வந்ததுதான்.

அவர்களில் நாலு பேர் முக்கியமானவர்கள். செங்காளியப்பன் யோசிக்கிறவர். நாச்சிமுத்து அதற்கு ஆமாம் போடுகிறவர். சென்னியப்பன் சந்தேகம் கேட்கிறவர். அப்புக்குட்டி வாயையே திறக்கமாட்டார். திறந்தால் பீடிக்காகத்தான் இருக்கும். நாலு பேருக்கும் எருமைகள் உண்டு. எருமைகளைத் தினமும் தேய்த்துக் குளிப்பாட்டுவார்கள். தாங்கள் குளிப்பது, எருமை எப்போதாவது இடித்துத் தண்ணீரில் தள்ளினால்தான்.

அந்த வருஷம் பால் சொசைட்டிக்கு ஆண்டுவிழா வந்தது. சொசைட்டித் தலைவர் டவுனில் ஒரு கல்யாண வரவேற்பில், புருஷனும் பெண்டாட்டியும் கைகோத்து ஆடியதைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். "நம்ம விழாவுலயும் ஜோடி ஜோடியா ஆடோணும்" என்று சொல்லிவிட்டார். சொல்லிக்கொடுக்க டவுனிலிருந்து ரெஜினா டீச்சரை வரவழைத்தார். நம் நாலு பேரின் பெயரை அவர்களுடைய பெண்டாட்டிகள் போய்க் கொடுத்துவிட்டார்கள்.

முதலில் கொடுத்தவள் செங்காளியப்பன் பெண்டாட்டி பழனாத்தாள். கல்யாணத்தன்றைக்குச் சுண்டுவிரலைக் கோத்துக்கொண்டு மணவறையைச் சுற்றியதோடு சரி. அதற்கப்புறம் புருஷன் கையை அவள் பிடித்ததில்லை. பிடிக்க ஆசை இல்லாமல் இல்லை. பக்கத்தில் போனால் பீடிப்புகை கண்ணைக் கரித்தது. டீச்சர் வந்து சொன்னாலாவது மனுஷன் திருந்துவார் என்று நம்பினாள்.

முதல் நாள் சொசைட்டிக் கொட்டகையில் எல்லாரும் கூடினார்கள். ஒரு கையைக் கோத்துக்கொண்டு, மறு கையைத் தோளில் வைத்து, முகத்துக்கு முகம் பார்த்துச் சுற்றி வரவேண்டும் என்று டீச்சர் காட்டினார். ஆண்கள் ஓரடி முன்னால் வைத்தார்கள். பெண்கள் சுவர் வரைக்கும் பின்னால் போய்விட்டார்கள்.

"ஏனுங் டீச்சர்," என்றாள் பழனாத்தாள், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு. "இவரைப் புடிச்சு ஆடறதுக்கு நான் சாம்பிராணிக் கரண்டியைப் புடிச்சு ஆடீருவனுங்க. அதுல வர்றதாச்சும் நல்ல பொகை."

செங்காளியப்பன் முகம் சுண்டிப்போயிற்று. ரெஜினா டீச்சர் நாலு பேரையும் தனியாகக் கூப்பிட்டு, மனம் நோகாமல் சொன்னார். "அண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க. ஜோடியா ஆடறப்ப ரெண்டு மூக்கும் பக்கத்துல பக்கத்துல வரும். நம்ம மேல என்ன வாசம் அடிக்குதுன்னு நமக்குத் தெரியாது, எதிர்ல நிக்கறவங்களுக்குத்தான் தெரியும். நாளைக்கு வர்றப்ப சட்டையை மாத்திக்குங்க. பீடியை விட்டுட்டு வாங்க. அவ்வளவுதான்."

நாலு தலைகளும் ஆடின.

மறுநாள் தண்ணீர்த் தொட்டியடியில் ஆலோசனை நடந்தது.

"சட்டையை மாத்திக்கச் சொன்னாங்களே, யாரு யாரோட மாத்தறது?" என்று கேட்டார் சென்னியப்பன்.

"இதுக்கெல்லாம் மொறை இருக்குதப்பா," என்றார் செங்காளியப்பன். "நானும் நாச்சிமுத்துவும் பங்காளி. நாங்க மாத்திக்கறோம். நீயும் அப்புக்குட்டியும் மாமன் மச்சான். நீங்க மாத்திக்குங்க."

"ஆமா, மொறை தப்பக் கூடாது," என்றார் நாச்சிமுத்து.

ஒல்லியான செங்காளியப்பன் நாச்சிமுத்துவின் சட்டைக்குள் காணாமல் போனார். செங்காளியப்பன் சட்டை நாச்சிமுத்துவின் தொப்புளுக்கு மேலேயே நின்றுகொண்டது. மரியாதையாக எல்லாப் பொத்தானையும் போட்டுக்கொண்டார்கள். போட்டதில் ரெண்டு தெறித்தன.

"பீடியை எங்க விட்டுட்டுப் போறது?" என்றார் சென்னியப்பன்.

"கொட்டகைக்கு வெளியதான்."

"தனியா விட்டா அணைஞ்சு போயிருமே."

"அணைச்சுட்டு விட்டா என்ன?" என்று நாச்சிமுத்து தெரியாமல் கேட்டுவிட்டார்.

"அணைக்கச் சொன்னாங்களா?" செங்காளியப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. "விடத்தானே சொன்னாங்க? டீச்சர் சொன்னதுல நாம கூட்டவும் கூடாது, கொறைக்கவும் கூடாது."

ஆகவே பற்றவைத்த பீடிகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டியிருந்தது. வாய் அகலம் என்பதால் அப்புக்குட்டியைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் சொசைட்டிக்குப் பின்னால் குந்தி, நாலு பீடியும் அணையாமல் மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டிருந்தார்.

உள்ளே பழனாத்தாள் புருஷன் பக்கத்தில் வந்தாள். ஒரு தடவை மோந்து பார்த்தாள். இன்னொரு தடவையும் பார்த்தாள்.

"இது நம்மூட்டு நாத்தம் இல்லீங்களே!" என்று அலறினாள். "பழகுன நாத்தமாச்சும் பொறுத்துக்கலாமுங்க. இது ஊரான் நாத்தம்!"

அதற்குள் வெளியே ஒரே கூச்சல். கொட்டகைக்குப் பின்னால் புகை எழும்புவதைப் பார்த்துவிட்டு, பால் அளக்கிறவர் வாளித் தண்ணீரைத் தூக்கி ஊற்றிவிட்டார். அப்புக்குட்டி சொட்டச் சொட்ட உள்ளே வந்து டீச்சர் முன்னால் கண்ணீர் விட்டார்.

"நம்பி விட்டுட்டுப் போனாங்க டீச்சர். ஒண்ணைக்கூடக் காப்பாத்த முடியலீங்க."

ரெஜினா டீச்சர் அவருக்குத் துடைத்துக்கொள்ள ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தார். பிறகு, "நான் சொன்ன விதம் சரியில்லை," என்று ஆரம்பித்தார். "அவங்கவங்க சட்டையைத் துவைச்சு அவங்கவங்களே போட்டுக்குங்க. இனிமேல் பீடியே புடிக்காதீங்க. நாளைக்குக் கெணத்துல நல்லா சோப்புப் போட்டுக் குளிச்சுட்டு நேரா இங்க வாங்க."

தலைகள் ஆடின.

மறுநாள் காலையில் பழனாத்தாள் தொழுவத்துக்குப் போனபோது, நாலு பேரும் மண்சுவரைப் பார்த்துக் குனிந்து நின்றார்கள். சாமி கும்பிடுகிறார்களோ என்று கிட்டே போனாள். சுவரில் வரிசையாகப் பீடி செருகியிருந்தது. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ஆளுக்கு ஒன்றை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

"டீச்சர் பீடி புடிக்கக் கூடாதுன்னாங்களா இல்லியா?"

"பாத்துச் சொல்லு புள்ள," என்றார் செங்காளியப்பன். "யாராச்சும் புடிச்சிருக்கறமா?"

குளித்தது மட்டும் குறையில்லாத குளியல். துவைத்த சட்டையோடு கிணற்று மேட்டில் ஏறி நின்று சொசைட்டி இருக்கும் திக்கைப் பார்த்தார்கள். செங்காளியப்பன் கையை நீட்டிக் குறிபார்த்தார்.

"நேராப் போகோணும். வாங்க."

முதலில் ஓர் ஆட்டுப்பட்டி குறுக்கே வந்தது. ஏறிக் குதித்து, ஆடுகளுக்கு நடுவே போனார்கள். அடுத்தது மாராத்தாள் வீடு. கொல்லைக் கதவு வழியாக நுழைந்தார்கள். அவள் அடுப்பில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"கோவிச்சுக்காதீங்கக்கா, நேராப் போகோணும்," என்று சொல்லி, அடுப்பைத் தாண்டி வாசல் வழியாக வெளியேறினார்கள். அப்புக்குட்டி தோசைக்கல்லிலும் ஒரு கால் வைத்துவிட்டுத்தான் போனார்.

அதற்கப்புறம் ஊர்ச் சாணியெல்லாம் கொட்டுகிற குப்பைக்குழி. நாலு பேரும் விளிம்பில் நின்றார்கள்.

"சுத்திப் போயிரலாமா?" என்றார் சென்னியப்பன்.

"சுத்திப் போனா அது நேராப் போனதா ஆகுமா?"

"ஆகாது," என்று ஒத்துக்கொண்டார் சென்னியப்பன், வருத்தத்தோடு.

"அங்க நம்ம பொண்டாட்டிமாருங்க காத்துட்டு இருக்கறாங்க," என்றார் செங்காளியப்பன். "பழனாத்தா என் கையைப் புடிப்பாளான்னு நான் ராத்திரி பூராத் தூங்கலியப்பா. குளிச்சது குளிச்சாச்சு. இந்தக் குழியா பெருசு?" என்று சொல்லிவிட்டு முதல் ஆளாக இறங்கினார். இடுப்பு வரைக்கும் போனது. நாச்சிமுத்துவுக்கு மார்பு வரைக்கும் போனது.

கொட்டகை வாசலில் அவர்களைப் பார்த்ததும் டீச்சர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "ஏண்ணா, குளிக்கலையா?"

"நல்லாக் குளிச்சமுங்க. குளிச்சதுக்கப்புறம் நேரா வந்தமுங்க."

கையை நீட்டிக்கொண்டு வந்த பழனாத்தாள், அதை மடக்கி இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பிப் போய்விட்டாள். செங்காளியப்பனுக்குச் சாணியை விட அதுதான் கனமாக இருந்தது.

டீச்சருக்கே பாவமாகப் போய்விட்டது. தன் பையிலிருந்து ஒரு சென்ட் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். "திரும்பக் குளிச்சுட்டு, நல்ல வழியாப் பார்த்து நடந்து வாங்க. வர்றதுக்கு முன்னாடி அக்குள்ல கொஞ்சம் சென்ட் அடிச்சுக்குங்க."

இந்தத் தடவை விவாதம் நீண்டுபோயிற்று.

"சென்ட்டை அடிக்கறதா, சென்ட்டால அடிக்கறதா?" என்றார் சென்னியப்பன்.

"சென்ட்டு நமக்கு என்னப்பா பாவம் பண்ணுச்சு, அதைப் போயி அடிக்க?" என்றார் செங்காளியப்பன். "அடி வாங்க வேண்டியது நம்ம அக்குள்தான். நாத்தம் அதுலதானே இருக்குது?"

"ஆமா, அடிச்சாத்தான் போகும்," என்றார் நாச்சிமுத்து.

திரும்பக் குளித்து முடித்ததும், கையைத் தூக்கச் சொல்லி, கனமான அந்தப் பாட்டிலால் ஒருத்தருக்கொருத்தர் ரெண்டு அக்குளிலும் கணக்காகப் போட்டுக்கொண்டார்கள். பாட்டில் மூடியை யாரும் திறக்கவே இல்லை. வகுப்புக்கு வந்தபோது அக்குள் வீங்கி, நாலு பேரும் கோழி இறக்கையை விரித்த மாதிரி நின்றார்கள். கையை மேலே தூக்கவும் முடியவில்லை, கீழே இறக்கவும் முடியவில்லை. பீடி நாற்றம் மட்டும் அப்படியே இருந்தது.

விழாவுக்கு முந்தைய நாள் பெண்கள் கூடிப் பேசினார்கள். ஒருத்தியோடு ஒருத்தி ஆடிக்கொள்ளலாம் என்றாள் ஒருத்தி. புருஷன்மார் பால்கேன் தூக்கட்டும் என்றாள் இன்னொருத்தி.

"அதெல்லாம் வேண்டாம்," என்றாள் பழனாத்தாள். "இவங்களுக்குச் சொன்னாத்தான் தப்பாகும். யாரும் வாயைத் தொறக்காதீங்க. கையில புடிச்சு நாமளே செய்வோம்."

ஒரு வார்த்தை பேசாமல் நாலு புருஷன்மாரையும் வாய்க்காலுக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். பீடிக்கட்டையெல்லாம் தண்ணீரில் விட்டார்கள். சீயக்காய் போட்டு, எருமை தேய்க்கிற தேங்காய் நாரால் தேய்த்தார்கள். வேப்பங்குச்சியால் பல்லை விளக்கிவிட்டார்கள். அப்புக்குட்டியின் பெண்டாட்டி வள்ளாத்தாள், பழக்கதோஷத்தில், குளிப்பாட்டி முடித்ததும் அவர் காதைப் பிடித்து நெற்றியில் மஞ்சள் பூசிவிட்டாள். மறுநாள் காலையிலும் இதே மாதிரி ஒரு தேய்ப்பு.

மத்தியானம் விழா. மேடைக்குப் பக்கத்தில் ரெஜினா டீச்சர் நின்றுகொண்டிருந்தார். நாலு பேரிடமும் கடைசியாக ஒன்று சொல்லவேண்டியிருந்தது. சொல்வதற்கு முன்னால் அதை மனசுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கேயும் ஓட்டை தெரியவில்லை.

"பாட்டு முடியற வரைக்கும் ஜோடி கையை விட்டுராதீங்க. ஆட்டத்தைப் பாதியில நிறுத்தக் கூடாது."

பாட்டுப் போட்டார்கள். பழனாத்தாள் கிட்டே வந்து மூச்சை இழுத்துப் பார்த்தாள். சீயக்காய் வாசம் மட்டும்தான். கையை நீட்டினாள். செங்காளியப்பன் பிடித்தார்.

"ஏனுங், இப்படி இறுக்கிப் புடிக்கறீங்க?"

"புதுசா இருக்குது புள்ள."

நாலு ஜோடியும் அழகாகச் சுற்றின. டீச்சருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தலைவர் கை தட்டினார். ஆண்கள் இடது காலைத் தூக்கி அடுத்த அடி வைக்கப் போன நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது.

பாட்டு நின்றது. கூட்டம் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கலைந்தது. டீச்சரும் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டார். நாலு பேரும் கையையும் விடவில்லை, காலையும் இறக்கவில்லை.

"பாட்டு முடிஞ்சுதா, நின்னுதா?" என்றார் சென்னியப்பன்.

"நின்னுது. முடியலை," என்றார் செங்காளியப்பன்.

அப்படியே நொண்டி அடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். சாயங்காலம் பால் கறக்கவேண்டும். செங்காளியப்பன் ஒரு கையால் ஒரு காம்பையும், பழனாத்தாள் ஒரு கையால் இன்னொரு காம்பையும் பிடித்துக் கறந்தார்கள். அவள் நினைத்திருந்தால் கையை உதறியிருக்கலாம். உதறவில்லை. "டீச்சர் சொல்லியிருக்கறாங்களே" என்றாள், எருமையைப் பார்த்துக்கொண்டு.

மறுநாள் காலையில் கரண்ட் வந்தது. ஊரே போய் ரேடியோ செட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தது. நாலு ஜோடியும் நொண்டிக்கொண்டு மேடை ஏறின. செட்டுக்காரர் பாட்டை முதலிலிருந்து போட்டார்.

நாலு ஆண்களும் உட்கார்ந்துகொண்டார்கள். பெண்டாட்டி கையை விடவில்லை. இடது காலையும் அந்தரத்தில் நீட்டியே வைத்திருந்தார்கள்.

"ஏனுங்கண்ணா, பாட்டு ஓடுதே, ஆடலீங்களா?" என்று கேட்டார் செட்டுக்காரர்.

"இது மொதப் பாதீங்க," என்றார் செங்காளியப்பன். "இதை நாங்க நேத்தே ஆடீட்டமுங்க."