இரண்டு மடையும் பன்னிரண்டு நாளும்

மாசாணத்தை முதன்முதலில் தண்ணீர்த் திருடன் என்று சொன்னவர் கணக்கதிகாரி விருத்தகிரியார்தான். மற்றவர்கள் எல்லாம் அவர் சொன்ன பிறகு சொன்னவர்கள்.

நெடுங்காலத்துக்கு முன்பு, கருமலை நாட்டை ஓர் அரசன் ஆண்டபோது நடந்தது இது. அந்த அரசன் காலையில் ஒருவனுக்கு யானையைப் பரிசாகக் கொடுப்பான். மாலையில் அதே யானையின் காலில் அவனைப் போடச் சொல்வான். அவனுடைய பெரிய ஏரிக்கு இரண்டு மடை. மேல்மடையை மட்டும் திறந்தால் ஏரி வற்ற இருபது நாள். கீழ்மடையை மட்டும் திறந்தால் முப்பது நாள். அவற்றைத் திறந்து மூடுகிற மாசாணம் எழுத்து அறியாதவன்.

அறுவடைக்கு முப்பது நாள் இருந்தபோது இரண்டையும் ஒன்றாகத் திறக்கச் சொன்னார் விருத்தகிரியார். இருபதும் முப்பதும் ஐம்பது, இருபது நாள் தண்ணீர் மிச்சம் என்று ஓலையில் எழுதி முத்திரையும் வைத்தார். வேண்டாம், கீழ்மடை மட்டும் போதும் என்று மாசாணம் கெஞ்சினான். மடை திறக்கிறவன் எனக்குக் கணக்குச் சொல்கிறாயா என்று விரட்டிவிட்டார்.

பன்னிரண்டு நாளில் ஏரியில் சேறுதான் கிடந்தது. ஏழு ஊர்ப் பயிரும் கருகியது. மாசாணம் தண்ணீரை அண்டை நாட்டுக்குத் திருப்பிவிட்டான் என்றார் விருத்தகிரியார். அவன் திருடன், அவன் வீட்டுக்கு யாரும் நெருப்போ தண்ணீரோ கொடுக்கக் கூடாது என்று அரசன் ஏழு ஊரிலும் பறையறைவித்தான். மாசாணத்தின் மனைவி காய்ச்சலில் கிடந்தாள். கிணற்றடியில் ஒருவரும் ஒரு குடம் ஊற்றவில்லை. அவள் போய்ச் சேர்ந்தாள்.

அதன் பிறகு அவன் அரசவைக்கு வந்தான். தான் திருடன் இல்லை என்று அதே ஏழு ஊரிலும் பறையறைய வேண்டும், வேறெதுவும் வேண்டாம் என்றான். நிரூபித்தால் பறை, தவறினால் தலை என்றான் அரசன்.

அரசன் முன்னால் இருந்த கூடையிலிருந்து மாசாணம் அறுபது மாம்பழம் எண்ணி வைத்தான்.

"கணக்கய்யா, இதை நான் ஒருத்தனே இருபது நாளில் தின்று தீர்க்கிறேன். ஒரு நாளைக்கு எத்தனை?"

"மூன்று."

"நீங்கள் ஒருத்தரே முப்பது நாளில் தீர்த்தால்?"

"இரண்டு. தொட்டில் பிள்ளை சொல்லும் இதை."

"இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்தால் கூடை எத்தனை நாள் வரும்?"

விருத்தகிரியார் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். அரசனே இறங்கி வந்து பழங்களை ஐந்து ஐந்தாகப் பிரித்தான். பன்னிரண்டு குவியல் வந்தது.

"ஏரியும் அப்படித்தான், மகாராசா. அதை அறுபது பங்கு என்று வையுங்கள். மேல்மடை நாளுக்கு மூன்று பங்கு குடிக்கும், கீழ்மடை இரண்டு. பன்னிரண்டு நாளில் தீர்ந்துபோகும். நான் திருட அங்கே சொட்டுகூட மிச்சமில்லை. பந்தியில் ஆள் கூடினால் சோறும் கூடும் என்று எழுதியவர் இவர்தான்."

சபை சிரித்தது. கூடையைத் தலையில் சுமந்து சபையை மூன்று சுற்று வரும்படி விருத்தகிரியாருக்கு உத்தரவாயிற்று. அரசன் மாசாணத்துக்குப் பட்டுச் சால்வை போர்த்தி, பறைக்கு ஓலை எழுதச் சொல்லிவிட்டு வேட்டைக்குக் கிளம்பினான்.

ஓலைக்கு முத்திரை வைக்க வேண்டியவர் விருத்தகிரியார். நல்ல நாள் பார்ப்போம் என்றார் அவர். மாசாணம் திரும்பவும் அரசனிடம் போனபோது, அதுதான் சால்வை கொடுத்தேனே என்றான் அரசன்.

ஊரில் கிணற்றடிப் பெண்கள் அந்தச் சால்வையைப் பார்த்தார்கள்.

"திருடின தண்ணீர் பட்டாய் விளைந்திருக்கிறது, பாரடி" என்றாள் ஒருத்தி. குடத்தை எடுத்துக்கொண்டு திரும்பிப் பாராமல் போனார்கள்.

அதற்குப் பிறகு மூன்று மழைக்காலம் வந்து ஏரி மூன்று முறை நிறைந்தது. அந்தப் பறையை இன்னும் யாரும் அறையவில்லை.