செவத்தியின் வாயு

இந்தக் கதையைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகவே இருக்கிறது. உடம்பைப் பற்றிய கதை. ஒரு வார்த்தை மாறினாலும் யாராவது அதை நம்பிவிடுவார்கள். அதனால் நிதானமாகவே சொல்கிறேன்.

மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவு ஒன்றில் ஒரு நாவல்மரம். அதில் செவத்தி என்ற பெண் குரங்கும் அவள் புருஷன் கட்டையனும் குடியிருந்தார்கள். காட்டுக்குள் பழம் நிறைய இருந்தும் இரண்டு பேரும் அந்தப் பக்கம் போவதே இல்லை. வளைவில் நிற்கும் கார்களிலிருந்து சிப்ஸும் மிக்சரும் பஜ்ஜியும் வந்து விழும். கட்டையனுக்குத் தொப்பை போட்டது. செவத்திக்கு அதே கவலை. "ஏங்க, போதுங்க" என்று அவன் கையிலிருந்து பிடுங்குவாள். பிடுங்கியதை வீணாக்க மனமில்லாமல் தானே தின்றுவிடுவாள்.

ஒருநாள் அவனை இழுத்துக்கொண்டு மரங்கொத்தி வைத்தியரிடம் போனாள். தட்டிப் பார்த்தே உள்ளே என்ன கோளாறு என்று சொல்கிறவர் அவர். அவர் மரம் மேட்டில் இருந்தது. ஏறும்போது செவத்தி அடிக்கடி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேர்த்துக் கொட்டியது. வாயு என்று சொல்லி, கன்னத்தில் அடக்கியிருந்த இஞ்சித் துண்டை மென்றுகொண்டாள்.

வைத்தியர் கட்டையனின் மார்பைத் தட்டினார், காது வைத்துக் கேட்டார். தொப்பையைக் குறைக்க வேண்டும், மற்றபடி இப்போதைக்குப் பயமில்லை என்றார். செவத்தி நம்பவில்லை. இன்னொரு தடவை பார்க்கச் சொல்லிக் கெஞ்சினாள்.

வைத்தியர் அவளையே பார்த்தார். "ஏறி வரும்போது எதுக்கும்மா நின்னே?"

"அது வாயுங்க. நெஞ்சு மேல கல்லைத் தூக்கி வெச்ச மாதிரி இருக்கும். இடது கை வரைக்கும் இழுக்கும். நின்னா போயிடும். என்னை விடுங்க, இவரைப் பாருங்க."

"ஏறினா வருது, நின்னா போகுது. இதுக்கு வாயுன்னு பேர் வெச்சது யாரு?"

"நான்தான்" என்றாள் செவத்தி.

கட்டையன் சிரிக்கப் பார்த்தான். வைத்தியரின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிப்போனான்.

அவள் மார்பிலும் காது வைத்துக் கேட்டுவிட்டு, இதயத்துக்கு ரத்தம் போகும் வழி குறுகியிருக்கிறது என்றார் அவர். இப்படியே விட்டால் ஏதாவது ஒரு கிளையில் ஏறும்போதே உயிர் போய்விடும். உப்பும் எண்ணெயும் ஊறிய தீனியை விட வேண்டும். தான் தரும் கசப்பு மருந்தைத் தினமும் விழுங்க வேண்டும்; உடம்பு தேறிவிட்டது என்று அதை நிறுத்தக் கூடாது. நின்ற பிறகும் வலி போகாவிட்டால், ஒரு நொடிகூடக் காத்திருக்காமல் ஆளனுப்ப வேண்டும்.

"எனக்கு ஏதாவது ஆனா இவருக்கு யாருங்க இருக்கா?" என்றாள் செவத்தி. அப்போதும் அவனைப் பற்றித்தான் பேச்சு.

கட்டையன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "முதல்ல உன்னைப் பாரு, செவத்தி. நான் எங்கேயும் போயிடலை."

அன்றே செவத்தி கட்டையனையும் கூட்டிக்கொண்டு வளைவை விட்டுக் காட்டுக்குள் ஓடையோரத்து அத்திமரத்துக்குக் குடி மாறினாள். பழமும் தளிரும் தேடி மெல்ல நடக்கப் பழகினாள். கசப்பு மருந்தை முகம் சுளித்துக்கொண்டே விழுங்கினாள். வைத்தியர் வரச்சொன்ன நாளில் யாரும் கூப்பிடாமலே தானாகப் போய் நெஞ்சைக் காட்டினாள்.

நெஞ்சில் வரும் வலிக்கு நாமே ஒரு பெயர் வைத்துக்கொண்டு இருந்துவிடாமல், வைத்தியம் தெரிந்தவரிடம் உடனே காட்டிக் கேட்பதே உயிருக்குக் காவல்.