நல்லாங்குளத்துக்கு வழி

"கையெழுத்து சரி, முத்திரை சரி, பூட்டும் சரி. அப்புறம் ஏன் மேடம் கிளம்பக் கூடாதுங்கறீங்க?"

கேப்டன் பூவராகனின் குரல் உயர்ந்துவிட்டது. உயராமல் என்ன செய்யும்? மலைமேல் காவல் சாவடியில் சிப்பாய் கோலப்பனுக்கு நுரையீரலில் நீர் கோத்திருந்தது. பொழுது சாய்வதற்குள் கீழே கொண்டுவராவிட்டால் ஆள் தேறமாட்டான்.

விடிந்ததும் தலைமையகத்திலிருந்து வழிகாட்டிக் கருவிக்கு, மின்கையெழுத்தும் முத்திரையுமாகப் புது வரைபடம் வந்திருந்தது. ஓடை வழியாக ஒரு குறுக்குப் பாதை, பாதி நேரம் மிச்சம். அதன்பின் மேகம் மூடிக்கொண்டது. தலைமையகத்தோடு பேச வழியில்லை.

மேஜர் சகாயராணி கருவியைத் தொடவேயில்லை. முகாமின் கருவிகளுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. அந்த வேலையைக் கற்கத்தான் பூவராகன் அவரிடம் வந்திருந்தார். ஒரு மாதமாக மேஜர் சொல்லிக்கொடுத்தது என்று ஒன்றும் இல்லை. கேள்விதான் கேட்பார்.

"திறக்கும்போது அது உங்ககிட்ட என்ன கேட்டுச்சு?"

"கடவுச்சொல் கேட்டுச்சு. கைரேகை கேட்டுச்சு. முகத்தைக் காட்டச் சொல்லுச்சு."

"நீங்க அதுகிட்ட என்ன கேட்டீங்க?"

"மெஷின்கிட்ட நான் என்னத்தைக் கேக்க?"

சகாயராணி எழுந்து வாசலைத் தாண்டி வெளியே போனார். பத்தடி நடந்து திரும்பி வந்தார்.

காவலுக்கு நின்ற இசக்கிராஜ் துப்பாக்கியைக் குறுக்கே நீட்டினான். "அடையாளச் சொல், மேடம்?"

அந்த முகாமில் அது வழக்கம். காலைதோறும் சொல் மாறும். யார் வந்தாலும் சொல்லித்தான் உள்ளே வரவேண்டும்.

சகாயராணி வாயைத் திறக்கவில்லை. தலையில் பனி விழ விழ அப்படியே நின்றார்.

"ஏய், மேஜர்டா! விடு!" பூவராகன் கத்தினார்.

"தெரியும் சார். காலையில டீ கொடுத்ததே நான்தான். ஆனா சொல்லாம விடமாட்டேன்."

பூவராகனுக்கு எரிச்சல் தலைக்கேறியது. அங்கே ஒருவன் மூச்சுக்குத் தவிக்கிறான், இங்கே இவர்களுக்கு விளையாட்டு. இந்த மனுஷிக்கு என்ன வந்தது?

திட்ட வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். கையிலிருந்த கருவியைப் பார்த்தார்.

இதை யார் நிறுத்தி அடையாளம் கேட்டார்கள்? யாருமில்லை.

அவசரமாகத் தட்டினார். 'நல்லாங்குளம் சாவடிக்கு வழி.'

நல்லாங்குளம் அவர் சொந்த ஊரில் இருக்கிறது. எருமை குளிப்பாட்டுகிற குளம். இந்த மலையில் அப்படிச் சாவடியே கிடையாது.

கருவி கொஞ்சமும் தயங்கவில்லை. பச்சைக் கோடு ஒன்று கிளம்பி, அதே ஓடைக்குள் இறங்கியது.

இல்லாத இடத்துக்கும் வழி! எங்கே போகக் கேட்டாலும் அந்த ஓடைக்கு இழுக்கிறதே!

கருவியை அணைத்து மேசைமேல் வைத்தார். "பழைய பாதையிலேயே போறோம். ஸ்ட்ரெச்சரைத் தூக்குங்க!"

வாசலைக் கடக்கும்போது, மேஜர் இசக்கிராஜின் காதில் சொல்லைச் சொல்லிவிட்டு உள்ளே போவது கண்ணில் பட்டது.

பழைய பாதை மலைமுகட்டைச் சுற்றிப் போகும். முகட்டிலிருந்து பூவராகன் கீழே பார்த்தார். ஓடைக்கரைப் பாறைகளின் மறைவில் வெள்ளைக் கூடாரங்கள். நம்முடையவை அல்ல. துப்பாக்கிகளோடு ஆட்கள் யாருக்காகவோ காத்திருந்தார்கள்.

 முகட்டின் மறுபக்கமாக ஒதுங்கி நடந்தார்கள்.

வெளிச்சம் இருக்கும்போதே கோலப்பனோடு முகாமுக்குத் திரும்பிவிட்டார்கள். ஆக்சிஜன் வைத்ததில் அவன் முகத்துக்குக் கொஞ்சம் ரத்தம் வந்திருந்தது. "பசிக்குது சார்" என்றான். கேட்டதும் பூவராகனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. 

வாசலில் சகாயராணி டாக்டரோடு காத்திருந்தார்.

"நம்ம ஆளுங்கதான், இசக்கி. உள்ளே விடு" என்றார்.

இசக்கிராஜ் சொல் கேட்காமலே துப்பாக்கியைத் தாழ்த்தினான்.

பூவராகன் ஸ்ட்ரெச்சரோடு அப்படியே நின்றார்.

"கேளுடா" என்றார்.